உஷார்! புயலைப் படமெடுக்கத் தீவுக்குக் கிளம்பாதீர்கள்

“மாமா, சீ வியூ ரூமே கிடைச்சிருச்சு!”

போன மாதம் ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அக்கா மகன் போனில் சொன்னது இது. ஏதோ சுற்றுலா போகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். எந்த ஊர், யாரோடு என்று கேட்கக் கேட்கத்தான் விஷயம் வெளியே வந்தது. பசிபிக் கடலில் ஒரு புயல் உருவாகி பிலிப்பைன்ஸின் கிழக்குக் கரையை நோக்கி வருகிறதாம். அது கரையைக் கடப்பதற்கு முந்தின நாளே அங்கே போய் இறங்கிவிடுவானாம். கடலைப் பார்த்த அறை, கையில் கேமரா, மழைக்கோட்டு, ரெண்டு பவர் பேங்க். “ஸ்டார்ம் சேஸிங் மாமா. யூடியூப்ல எத்தனை பேர் பண்றாங்க தெரியுமா? நாலு நாள் லீவு சொல்லிட்டேன். அம்மாகிட்ட மட்டும் இப்ப சொல்லிடாதீங்க.”

எனக்குக் கை நடுங்கிவிட்டது. இருபத்தாறு வயது. நன்றாக நீந்துவான், படித்தவன், சூதுவாது தெரியாதவன். அவன் பார்த்த வீடியோக்களில் காற்று ஊளையிடுகிறது, தென்னை வளைகிறது, தகரம் பறக்கிறது, படமெடுத்தவர் கடைசியில் சிரித்துக்கொண்டே கையசைக்கிறார். அவரைப் போல நாமும் திரும்பி வந்துவிடலாம் என்று அவன் நம்புகிறான். அவன் ஒருவன் மட்டும் அல்ல என்பதால்தான் இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இந்த நேரத்தில் டிக்கெட் விலை பார்த்துக்கொண்டிருக்கலாம்.

அவனுக்கு நான் அன்றிரவு சொன்னது டாக்லோபன் என்ற ஊரின் கதை.

2013 நவம்பர் 8. பிலிப்பைன்ஸின் லெய்ட்டே தீவில், ஒரு வளைகுடாவின் உள்மூலையில் இருக்கும் நகரம் டாக்லோபன். ஹையான் என்று உலகமும் யோலாண்டா என்று அந்த நாட்டு மக்களும் அழைத்த டைஃபூன் (நம் ஊரில் புயல் என்பதும் அங்கே டைஃபூன் என்பதும் ஒன்றேதான்) விடிவதற்கு முன்பே சமார் தீவின் குய்வானில் கரையேறியது. காற்றின் வேகம் மணிக்கு 315 கிலோமீட்டர் என்று அமெரிக்கக் கடற்படையின் புயல் எச்சரிக்கை மையம் கணித்திருந்தது. கரையேறும்போது அவ்வளவு வேகத்தோடு வந்த புயல்கள் உலக வரலாற்றிலேயே மிகச் சில.

அந்தப் புயலைத் தேடி டாக்லோபனுக்குப் போனவர்களும் இருந்தார்கள். ஜோஷ் மோர்கர்மேன், ஜேம்ஸ் ரெனால்ட்ஸ், மார்க் தாமஸ் என்று மூன்று பேர். மூவரும் வருடக்கணக்காகப் புயல்களைத் துரத்திப் பழகியவர்கள். வரைபடம் படிக்கத் தெரிந்தவர்கள், கருவிகளோடு போனவர்கள். கடற்கரையில் அறை எடுக்கவில்லை. ஊருக்கு உள்ளே, உறுதியான பல மாடிக் கான்கிரீட் ஹோட்டல் ஒன்றைப் பார்த்துத் தங்கினார்கள். இதைவிடக் கவனமாக ஒருவர் இருக்க முடியாது.

அப்படியும் கடல் அந்த ஹோட்டலுக்குள் வந்தது. தரைத்தள அறைகளில் இருந்தவர்கள் கதவைத் திறக்க முடியாமல் ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு அலறினார்கள். படமெடுக்கப் போனவர்கள் கேமராவைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கி, மெத்தைகளை மிதக்கவிட்டு, அவற்றின் மேல் ஆட்களைப் படுக்கவைத்து இழுத்து வந்தார்கள். நீருக்கடியில் இருந்த ஏதோ கூரான பொருள் மார்க் தாமஸின் காலை ஆழமாகக் கிழித்துவிட்டது. ஊரில் மருத்துவமனைகளும் மூழ்கியிருந்தன. விமான நிலையக் கட்டடம் நொறுங்கிக் கிடந்தது. கடைசியில் ராணுவத்தின் உதவியோடுதான் அவர்களால் வெளியேற முடிந்தது.

உலகத்திலேயே இந்த வேலையில் தேர்ந்தவர்கள் என்று சொல்லத்தக்க மூன்று பேருக்கு, சரியான கட்டடத்தில் தங்கியும், அதுதான் நடந்தது. என் அக்கா மகன் எடுத்திருந்ததோ கடல் பார்த்த அறை.

அவனிடம் நான் கேட்ட முதல் கேள்வி, “நீ எதைப் பார்க்கப் போறே?” என்பதுதான். “காத்தைத்தான் மாமா” என்றான். பெரும்பாலோர் செய்யும் பிழை இதுதான். புயல் என்றதும் காற்றுக்குத் தயாராகிறோம். ஆனால் ஹையானில் இறந்துபோன 6,300 பேரில் மிகப் பெரும்பாலானோரைக் கொன்றது தண்ணீர். அதற்கு மேலும் ஆயிரத்துச் சொச்சம் பேர் எங்கே என்றே இன்றுவரை தெரியாது.

அந்தத் தண்ணீர் எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் புரிந்துகொள்ள வேண்டும். புயலின் மையத்தில் காற்றழுத்தம் குறைகிறது. அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரும். ஹையானின் மையத்தில் அழுத்தம் 895 மில்லிபார் என்று மதிப்பிட்டார்கள். அந்தக் கணக்குப்படி ஒரு மீட்டரை ஒட்டிய ஏற்றம்தான் வரும். மீதியை எல்லாம் காற்றுதான் கரையை நோக்கித் தள்ளிக் குவிக்கிறது. ஆழமான திறந்த கடலில் தள்ளப்படும் நீர் கீழே இறங்கிப் பரவிவிடும். ஆழமில்லாத, குறுகிக்கொண்டே போகும் வளைகுடாவில் அதற்குப் போக்கிடம் கிடையாது. புனலில் ஊற்றியது போல உள்மூலையில் ஏறும். டாக்லோபன் அந்த உள்மூலையில்தான் இருக்கிறது. அதோடு, மேற்கு நோக்கிப் போன புயலின் வலப்பக்கத்தில் அந்த ஊர் சிக்கிக்கொண்டது. பூமியின் வட பாதியில் கரையை நோக்கிக் கடலை முட்டித் தள்ளும் பக்கம் அதுதான். ஐந்து, ஆறு மீட்டர் உயரத்துக்கு நீர் ஏறியது. நம் ஊர்க் கணக்கில் முதல் மாடி முழுகும் உயரம்.

ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி நிறைந்தால் ஒரு டன் எடை. அப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான தொட்டிகள் ஓடி வந்து சுவரில் மோதுவதாக நினைத்துப் பாருங்கள். அதுவும் வெறும் தண்ணீராக வருவதில்லை. தகரம், கண்ணாடி, மரத்தடி, கார், ஆணி பிடுங்காத பலகை எல்லாம் அதற்குள் சுழன்றுகொண்டு வரும். டாக்லோபனில் கப்பல்களே குடியிருப்புக்குள் வந்து உட்கார்ந்தன. அவற்றில் ஒன்றின் முன்பகுதியை இன்றும் நினைவுச் சின்னமாக அங்கே வைத்திருக்கிறார்கள். நன்றாக நீந்துவேன் என்று அக்கா மகன் என்னிடம் சொன்னான். கலங்கலான அந்தக் கலவைக்குள் நீச்சல் எதற்கு உதவும்?

எங்கள் அப்பத்தா தங்கச்சிமடத்துக்காரர். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி அழிந்ததைப் பற்றிப் பேசும்போதெல்லாம் “காத்தடிச்சுச்சு” என்று ஒருநாளும் சொன்னதில்லை. “கடல் ஏறிருச்சு” என்றுதான் சொல்வார். பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடியை எட்டாமலே நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு அந்த ராத்திரி போய்விட்டது. ரயிலையே கவிழ்த்த அந்தக் கடலைத்தான் அந்த இரண்டே வார்த்தையில் சொல்லிவிட்டார்.

டாக்லோபன் மக்களுக்கு அப்படி ஒரு வார்த்தை நேரத்துக்குக் கிடைக்கவில்லை. என்னை மிகவும் வாட்டும் விஷயம் இது. எச்சரிக்கை வரவில்லை என்று சொல்லவே முடியாது. ஏழு மீட்டர் வரை கடல் ஏறலாம் என்று அந்நாட்டு வானிலை மையம் முன்கூட்டியே சொன்னது. முந்தின நாள் மாலை அதிபரே தொலைக்காட்சியில் பேசினார். ஆனால் ‘ஸ்டார்ம் சர்ஜ்’ என்று ஆங்கிலத்தில் சொன்னார்கள். புயலுக்குப் பழகிய மக்கள் அதை இன்னொரு பலத்த காற்று என்று எடுத்துக்கொண்டார்கள். சுனாமி என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போமே என்று பிழைத்தவர்கள் பிறகு அழுதார்கள். நம் செய்திகளில் நாள்தோறும் வரும் ‘கடல் சீற்றம்’ என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பயம்தான். அலை கொஞ்சம் பெரிதாக இருக்கும் என்பதற்கும் அதே சொல், ஊருக்குள் கடல் ஏறும் என்பதற்கும் அதே சொல் என்றால், ஓட வேண்டிய நாளை எப்படித் தெரிந்துகொள்வது? கடல்நீர் இத்தனை மீட்டர் ஏறும் என்று எந்த அறிவிப்பிலாவது எண்ணைப் பார்த்தால், காற்றின் வேகத்தை விட்டுவிட்டு அந்த எண்ணை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இதைக் கட்டாயம் மனதில் வையுங்கள். கடல் உள்வாங்கினால் படமெடுக்க நிற்காதீர்கள். டாக்லோபன் இருக்கும் வளைகுடாவில் முதலில் வாடைக் காற்று அடித்து நீரை வெளியே தள்ளியது. கரை வற்றியது போலத் தெரிந்தது. புயல் நகர்ந்து காற்று தென்கிழக்குக்குத் திரும்பியதும் வெளியே போன நீரும் சேர்ந்து ஒரேயடியாக உள்ளே வந்தது. புயலே மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்ததால் இந்த மாற்றத்துக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. வற்றிய கரையில் நின்று ‘இதோ பாருங்கள் நண்பர்களே’ என்று பேசிக்கொண்டிருந்தால், அந்த வீடியோவை வேறு யாராவது எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

சமார் தீவின் ஹெர்னானியில் அப்படி ஒரு காட்சி பதிவாகியிருக்கிறது. ஒரு தொண்டு நிறுவன ஊழியர், தங்கியிருந்த வீட்டின் மேல்மாடியிலிருந்து எடுத்தது. மழையில் எல்லாம் சாம்பல் நிறமாகத் தெரிகிறது. எதிரே ஒரு வீடு, மரங்கள். தரையில் ஏற்கெனவே கொஞ்சம் நீர். திடீரென்று நுரைத்த சுவர் ஒன்று, உருண்டு வருகிற மாதிரி, பக்கவாட்டிலிருந்து வருகிறது. எண்ணி முடிப்பதற்குள் அந்த வீட்டைக் காணோம். அந்த ஊருக்கு முன்னால் பவளப் பாறைத் திட்டு இருந்தது. அது அலையை உடைத்துக் காப்பாற்றும் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். பிறகு ஆராய்ந்தவர்கள், பெரிய அலைகள் கூட்டம் கூட்டமாக வந்து அந்தத் திட்டில் உடையும்போதே சுனாமி போன்ற நீண்ட அலையாக மாறிவிட்டன என்று கண்டறிந்தார்கள். காப்பாற்ற வேண்டிய பாறையே அலையை அப்படி மாற்றிவிட்டது. வெளியூரிலிருந்து போகும் ஒருவருக்கு, அந்தக் கரைக்கு முன்னால் கடலடியில் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

“சரி மாமா, அப்ப புயலோட கண் தாண்டும்போது மட்டும் கீழ இறங்கி எடுக்கிறேன். அப்ப காத்தே இருக்காதாம்ல” என்றான். இதையும் ஏதோ வீடியோவில் பார்த்திருக்கிறான்.

வர்தா புயல் அடித்த 2016 டிசம்பர் 12 அன்று நான் வடசென்னையில் குடியிருந்தேன். பிற்பகலில் புயலின் கண் மேலே வந்தபோது சட்டென்று எல்லாம் அடங்கியது. வானம்கூட வெளுத்தது. தெருவில் ஆட்கள் இறங்கிவிட்டார்கள். பக்கத்து வீட்டுத் தம்பி, வேப்பமரத்தடியில் நிறுத்தியிருந்த தன் பைக்கைப் பார்க்கப் போய், விழுந்த கிளைகளைப் போனில் படமெடுத்துக்கொண்டிருந்தான். அதுவரை வடக்கேயிருந்து அடித்த காற்று தெற்கேயிருந்து திரும்பியடித்தபோது யாருக்கும் ஒரு வினாடிகூட அவகாசம் தரவில்லை. எதிர் மாடியிலிருந்து கழன்ற ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் ஒன்று அவன் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் போய், பைக் சீட்டைக் கிழித்துக்கொண்டு சுவரில் நொறுங்கியது. முதல் பாதியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து பலவீனமான மரமும் தகரமும் இரண்டாம் பாதியில் எதிர்ப்பக்கமாக இழுக்கப்பட்டுத்தான் விழுந்தன. அந்தத் தம்பி இன்றும் நன்றாக இருக்கிறான். ஒரு சாண்தான் வித்தியாசம்.

கண் தாண்டும் நேரத்துக்கு ஒரே ஒரு பயன்தான் உண்டு. 2019-இல் பஹாமாஸின் அபாகோ தீவில் டோரியன் புயலைத் துரத்திப் போனார் அதே மோர்கர்மேன். தங்கியிருந்த கட்டடம் புயலின் முதல் பாதியிலேயே பிய்ந்துபோனது. கண் கடந்த அந்தச் சிறிய இடைவெளியில் அங்கிருந்தவர்களோடு வேறொரு உறுதியான கட்டடத்துக்கு ஓடித்தான் பிழைத்தார். அதன் பிறகு இரண்டு நாள் அவரிடமிருந்து ஒரு தகவலும் வெளியே வரவில்லை. அந்த இரண்டு நாளை, பெற்றவள் இடத்தில் நின்று நினைத்துப் பாருங்கள்.

அனுபவம் காப்பாற்றும் என்கிறவர்களுக்கு இன்னொரு பெயரையும் சொல்ல வேண்டும். டிம் சமாரஸ். சுழல்காற்றைக் கருவி வைத்து அளப்பதில் அமெரிக்காவில் அவருக்கு இணையாகச் சிலரே இருந்தார்கள். மிகவும் எச்சரிக்கையானவர் என்று பெயர் எடுத்தவர். ஹையானுக்கு ஐந்து மாதம் முன்பு, 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவில் ஒரு சுழல்காற்று திடீரென்று விரிந்து திசைமாறியதில், அவரும் அவர் மகனும் கூட்டாளி ஒருவரும் அதில் சிக்கி இறந்தார்கள். அங்கே நாலா பக்கமும் ஓடுவதற்குச் சாலை இருந்தது. தீவில் அதுவும் இல்லை.

தீவு என்பதை நாம் போதுமான அளவு யோசிப்பதில்லை. பிலிப்பைன்ஸில் புயல் எச்சரிக்கை எண் அறிவிக்கத் தொடங்கியதுமே பயணிகள் படகுகளை நிறுத்திவிடுவார்கள். விமானங்கள் ரத்தாகும். அதாவது, வானம் இன்னும் நீலமாக இருக்கும்போதே நீங்கள் உள்ளே மாட்டியாயிற்று. பயம் வந்து மனம் மாறும் நேரத்தில் வழி இருக்காது. பிறகு கரன்ட் இல்லை, சிக்னல் இல்லை, ஏடிஎம் இல்லை, குடிநீர் இல்லை. டாக்லோபனில் ஓடி வந்து உதவியிருக்க வேண்டிய காவலர்களும் நர்சுகளும் தாங்களே வீட்டையும் குடும்பத்தையும் பறிகொடுத்து நின்றார்கள். அந்த நிலையில் வேடிக்கை பார்க்க வந்த ஒருவர் குடிக்கும் தண்ணீர், அவருக்குப் போடும் கட்டு, அவர் ஏறும் விமான இருக்கை எல்லாம் அந்த ஊர்க்காரர் ஒருவரிடமிருந்து எடுத்ததுதான். இதைச் சொன்னபோது மட்டும் போனில் அவன் பேசாமல் இருந்தான்.

வெளிநாடு வரைக்கும் போகவேண்டாம், நான் இருக்கும் ஊரிலேயே அலையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்பவர்களுக்கும் சொல்கிறேன். 2025 செப்டம்பரில் ரகாசா டைஃபூன் ஹாங்காங்கை நெருங்கிக்கொண்டிருந்தது. சாய்வான் கடலோரத்தில் அலை பார்க்க நின்ற ஒரு குடும்பத்தில், தாயையும் ஐந்து வயதுப் பிள்ளையையும் அலை இழுத்துக்கொண்டது. காப்பாற்ற அப்பா குதித்தார். மூவரையும் மீட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். புயல் அப்போது கரைக்கு வரவேயில்லை. அது தூரத்தில் இருக்கும்போதே அதன் அலைகள் முன்னால் வந்துவிடும்.

இதற்கெல்லாம் மாறாக நடந்த ஒரு தீவின் கதையும் இருக்கிறது. செபு மாகாணத்தில் துலாங் தியோத் என்ற சின்னஞ்சிறு தீவு. ஹையான் வருகிறது என்றதும், அங்கே இருந்த ஆயிரம் பேரையும், ஒருவர் மிச்சமில்லாமல், படகில் ஏற்றி முன்கூட்டியே பெரிய தீவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். புயல் போன பிறகு பார்த்தால் ஐந்நூறு வீடுகளும் தரைமட்டம். உயிர்ச்சேதம் ஒன்றுகூட இல்லை. புயல் அடித்தபோது அங்கே வீடியோ எடுக்க ஒருவர்கூட இல்லை. என் அக்கா மகனும் அந்தப் பெயரை அன்றுதான் முதன்முதலில் கேட்டான்.

வேலை நிமித்தமாகவோ சுற்றுலாவாகவோ ஏற்கெனவே இப்படி ஒரு தீவில் இருப்பவர்கள், முதல் எச்சரிக்கையிலேயே கிளம்பிவிடுங்கள். கிளம்ப முடியாவிட்டால் கடலை விட்டு உள்ளே, மேட்டில், கான்கிரீட் கட்டடத்தின் மேல்மாடிக்குப் போங்கள். ஜன்னல் இல்லாத உள்ளறையைப் பாருங்கள். பாதுகாப்பு மையம் என்று பலகை மாட்டியிருந்தாலும் தாழ்வான இடமாக இருந்தால் வேண்டாம்; டாக்லோபனில் அப்படிப்பட்ட மையங்களுக்குள்ளேயே ஆட்கள் மூழ்கினார்கள். காலில் கனமான ஷூ போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு ஒரு போன் செய்து, எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி என்று சொல்லிவிடுங்கள், சிக்னல் போன பிறகு அவர்கள் தேட ஓர் இடமாவது இருக்கும்.

அவன் பார்க்கப் போக இருந்த அந்தப் புயல் கடைசியில் வடக்கே வளைந்து கடலிலேயே வலுவிழந்துவிட்டது. அறையை ரத்து செய்தான். நான் நிம்மதியாகத்தான் இருந்தேன். நேற்று ராத்திரி வாட்ஸ்அப்பில் ஒரு ஹோட்டல் லிங்க் அனுப்பியிருக்கிறான். வேறு தீவு, வேறு ஊர். “இது பீச்லேருந்து எரநூறு மீட்டர் உள்ள மாமா. மூணாவது மாடி. இது ஓகேவா?”

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வாசலுக்கு எதிரே தட்டையான சாலை, அதற்கப்பால் தென்னை, தென்னைக்கு நடுவே நீலமாகக் கடல். எங்கேயும் ஒரு மேடு இல்லை. வேண்டாம் என்று எழுதி அனுப்பினேன், அக்காவிடம் இன்று காலையே சொல்லிவிடப்போகிறேன் என்பதையும் சேர்த்து. ரெண்டு நீல டிக் விழுந்திருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.